மெயில் போகிற வரைக்கும்

ஜனவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் தும்மல். அதுவும் பழைய அலமாரியைத் தூசி தட்டியதால் வந்தது. உங்களைத் தீவுக் காற்று இன்னும் தூக்கிக்கொண்டு போகவில்லையே?

ஓர் உதவி வேண்டும். நம் ஏணிப் பட்டறையின் மெயில் வெளியே போகமாட்டேன் என்கிறது. உள்ளே வருவதெல்லாம் ஒழுங்காக வருகிறது. "பத்தடி ஏணி இருக்கிறதா?" என்று கேட்டு வருகிறது. "இருக்கிறது" என்று நாம் போடும் பதில்தான் போய்ச் சேர்வதில்லை. இத்தனை நாள் நம் மெயிலை வாங்கி ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்த நிறுவனம் டிசம்பரோடு கடையைக் கட்டிவிட்டது. இனிமேல் நீங்கள் அலுவலக மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போன கறுப்புப் பெட்டி, அதாவது நம் சர்வர், தானே நேராக அனுப்ப வேண்டுமாம்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏணியில ஒரு படி உடைஞ்சா மாத்திடலாம். இதுல எது படின்னே தெரியலையே!" என்கிறார். ஆனால் திட்டு வாங்குவது அப்பா இல்லை, கணக்கக்கா. பட்டறையில் கணக்குப் பார்ப்பதும் மெயில் போடுவதும் போன் எடுப்பதும் அவர் ஒருவர்தானே. நேற்று போனில் ஒருவர், "ஒரு பதில் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தியது எனக்கே கேட்டது. "போட்டேங்க. அது போகலைங்க" என்று அக்கா சொன்ன குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொரு செய்தி. அக்காவுக்கு வேறு ஊரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அதைச் சொன்னதும் அப்பாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. உடனே அக்கா, "மெயில் போகிற வரைக்கும் இருக்கேன் சார். இந்தக் குழப்பத்தை உங்க தலையில கட்டிட்டுப் போக மாட்டேன். அது சரியான மறுநாள் கிளம்பிடறேன்" என்றார்.

அதனால் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அக்கா போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் தினமும் திட்டு வாங்குவது அதைவிடப் பிடிக்கவில்லை. நூலகத்திலிருந்து சர்வர் பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்து பாதி படித்துவிட்டேன். விஷயம் இதுதான், மாமா. "நான்தான் ஏணிப் பட்டறை" என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். அதனால் வாங்குகிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள். "எங்கள் பெயரில் அனுப்ப இந்தப் பெட்டிக்குத்தான் உரிமை" என்று இணையத்தில் நம் பெயருக்கான பொதுப் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டால் சந்தேகம் தீரும். அந்த வரியை எழுத, நம் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனத்தின் பக்கத்துக்குள் போக வேண்டும். அந்தக் கணக்கைத் திறந்தது நீங்கள். கடவுச்சொல்லும் உங்களிடம்தான். "மறந்துவிட்டதா?" என்று இருந்ததை அழுத்திப் பார்த்தேன். உங்கள் பழைய போன் எண்ணுக்குத்தான் செய்தி போகுமாம். நீங்கள் தீவுக்குப் போன வருடமே செத்துப்போன எண் அது.

கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதுங்கள். உங்கள் வானிலை நிலையத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெயில் முகவரி என்றும், வருவதையெல்லாம் அச்சடித்துப் பலகையில் குத்திவிடுவார்கள் என்றும் அம்மா சொன்னார்.

வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

உங்கள் அக்கா மகள்,
அகராதி


ஜனவரி 26

அன்பு அகராதிக்கு,

நான் சௌக்கியம். காற்று தூக்கிக்கொண்டு போனது என் தொப்பியைத்தான். உன் அம்மாவின் தும்மல் நின்றதா?

நீ சர்வர் புத்தகம் படிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐந்து வயதில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசியவள் நீ. இரண்டு அர்த்தத்திலும் பொருந்தட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தேன்.

இங்கே காலையும் மாலையும் பலூன் விடுகிறோம். போன வாரம் ஒரு கடற்பறவை பலூனோடு சண்டைக்குப் போய்த் தோற்றுத் திரும்பியது. கிளம்பும்போது உன் அப்பா எனக்குக் கட்டிக்கொடுத்த பன்னிரண்டடி ஏணியைக் காற்றுமானிக் கம்பத்தில் பொருத்தியிருக்கிறோம். நிலையத் தலைவர் தினமும் அதைப் புகழ்கிறார் என்று அவரிடம் சொல்.

சர்வரின் மின்விசிறியில் தூசி அடைந்திருக்கும். மெல்லிய தூரிகையால் துடை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே.

கணக்குப் பிரிவில் எல்லோரும் நலமா? பெயிண்ட் வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன்.

படகு கிளம்பப் போகிறது. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 7

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் தும்மல் அப்பாவுக்குப் போய், அப்பாவிடமிருந்து வெல்டர் அண்ணனுக்குப் போய்விட்டது. நான் தப்பித்துவிட்டேன். தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் கடற்பறவை இருந்தது, தூரிகை இருந்தது, ஏணி இருந்தது. கடவுச்சொல் இல்லை. அவசரத்தில் மறந்திருப்பீர்கள். இந்தத் தடவை மறக்காமல் எழுதுங்கள்.

விசிறியைத் துடைத்தேன். வந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். அடுத்து, புத்தகத்தில் சொன்னபடி இணைய இணைப்பு நிறுவனத்துக்கு அப்பாவை விட்டுப் போன் செய்ய வைத்தேன். நம் பெட்டியிலிருந்து மெயில் வெளியேறும் வாசலை அவர்கள்தான் மூடி வைத்திருக்கிறார்கள். குப்பை மெயில் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து எல்லோருக்கும் மூடிவிடுவார்களாம். நான் எழுதிக் கொடுத்ததை அப்பா படித்தார்.

"இருபத்தஞ்சாம் நம்பர் வாசலைத் திறக்கணும்மா."

"சார், இது இன்டர்நெட் கம்பெனி. வாசல் கதவு வேலையெல்லாம் நாங்க பார்க்கறதில்லை."

"நாங்களும் பார்க்கறதில்லைம்மா, நாங்க ஏணி!"

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பெண் முதலில் சிரித்தார், பிறகு பொறுமையாகக் கேட்டுத் திறந்துவிட்டார். இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். இணையத்தில் நம் பெயரைச் சொன்னால் நம் பெட்டியின் எண் வருகிறது. அதுபோல எண்ணைச் சொன்னால் நம் பெயர் வர வேண்டும். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இனி உங்கள் நிலையத்து முகவரிக்கே சோதித்துப் பார்க்கப்போகிறேன். வெளியூரில் எனக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான்.

கணக்குப் பிரிவில் 'எல்லோரும்' நலமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பது கணக்கக்கா ஒருவர்தான், மாமா. நாற்காலியையும் அலமாரியையும் சேர்த்தா கேட்டீர்கள்? அக்கா நலம். எனக்கு வீட்டுப்பாடத்தில் உதவுகிறார், பேனா தருகிறார், தன் மேசையையே தருகிறார். அந்தப் பழைய கால்குலேட்டரை மட்டும் தரமாட்டார். "அது சரியா வேலை செய்யாது, விடு" என்பார். ஆனால் நாள் முழுக்க அதில்தான் கூட்டுகிறார்.

கடவுச்சொல், மாமா. கடவுச்சொல்.

உங்கள் நலத்தையும் அதையும் எதிர்பார்க்கும்,
அகராதி


பிப்ரவரி 25

அன்பு அகராதிக்கு,

நான் நலமா என்று கேட்காதே. உன்னால் மூன்று நாள் நான் நலமாக இல்லை.

நீ அனுப்பிய மெயில்கள் வந்தன. தனித்தனியாக இல்லை, பதினொன்றும் மொத்தமாக, சந்தேகத்துக்குரியவை என்ற பெட்டியில் விழுந்து கிடந்தன. எங்கள் தலைவர் அச்சடித்துப் பலகையில் குத்திவிட்டார். நான் கம்பத்திலிருந்து வந்து பார்த்தால் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். சமையல்காரர் என் தோளைத் தட்டி, "மனசைத் திடப்படுத்திக்கப்பா" என்கிறார். பலகையில் என்ன இருக்கிறது? 'சோதனை.' 'மீண்டும் சோதனை.' 'மூன்றாவது சோதனை, அப்பா தலையில் கைவைத்துவிட்டார்.' 'சோதனை தொடர்கிறது.' 'இது கடைசிச் சோதனையாக இருக்கட்டும்.'

குடும்பத்துக்கு என்ன சோதனை வந்ததோ என்று பதறிப்போனேன். தலைவர் அவசர போனைக் கொடுக்கவே வந்துவிட்டார். அப்புறம்தான் பத்தாவது தாளில், 'இந்தச் சோதனை வந்து சேர்ந்தால் கடிதத்தில் தெரிவிக்கவும்' என்று இருந்ததைப் பார்த்தேன். தமிழில் அந்த ஒரே சொல் பரீட்சைக்கும் வரும், துன்பத்துக்கும் வரும் என்று உன் அகராதியில் போடவில்லையா?

அந்தப் பெயிண்ட் கம்பெனி எந்த ஊர்? தொலைவா? நல்ல கம்பெனிதானா என்று அப்பா விசாரித்தாரா? யாராவது விசாரிக்க வேண்டும் அல்லவா.

வெல்டருக்குத் தும்மல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
மாமா


மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். சிரித்துச் சிரித்து அப்பாவுக்கு மட்டும் விலா வலி. உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். வெல்டர் அண்ணன் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கணக்கக்கா சிரித்துக்கொண்டே, "பாவம், மூணு நாளா பயந்துட்டு இருந்தாராமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு நாளுமா?" என்று மறுபடி கேட்டார்.

துன்பம் தந்ததற்கு மன்னிக்கவும். ஆனால் இது பாதி வெற்றி. வாசல் திறந்துவிட்டது, மெயில் போகிறது. போய், சந்தேகப் பெட்டியில் விழுகிறது. நம் ஊரில் புதிதாக ஒரு பெரிய நூலகம் கட்டியிருக்கிறார்கள். அதன் அலமாரிகளில் ஓடும் சக்கர ஏணிகள் செய்ய முடியுமா என்று நமக்கு எழுதியிருக்கிறார்கள். மாமா, புத்தகங்களுக்கு ஏணி! எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அப்பா படம் வரைந்து அனுப்பினார். அதுவும் சந்தேகப் பெட்டியில்தான் விழுந்திருக்கிறது. நூலகத்து அம்மா போன் செய்து, "எட்டாத உயரத்துக்கு ஏணி கேட்டா நீங்களே எட்டாத உயரத்துல இருக்கீங்களே!" என்றார். பாக்கி இருப்பது அந்த ஒரு வரியும், மெயிலில் நம் முத்திரை விழுவதற்கான இன்னொரு வரியும்தான். இரண்டையும் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் உங்கள் கடவுச்சொல் வேண்டும்.

பெயிண்ட் கம்பெனி தொலைவுதான். ரயிலில் ஒரு முழு நாள். நல்ல கம்பெனி என்று அப்பா விசாரித்துவிட்டார்.

அக்கா நேற்று என்னைக் கேட்டார்: "உங்க மாமா வேற ஏதாவது எழுதியிருக்காரா?"

"கடற்பறவை பத்தி எழுதியிருக்கார்."

"அது இல்ல. இந்த பாஸ்வேர்ட் பத்தி."

"அது பத்தி மட்டும் எழுதவே மாட்டேங்கறார்க்கா."

அக்கா கொஞ்ச நேரம் ரசீதுகளை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "அவர் எப்பவும் அப்படித்தான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டார்" என்றார். அக்கா கோபமாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்குப் புரியவில்லை. நீங்கள் மூன்று வருடம் முன்பு கிளம்பியபோது அக்காவிடம் சொல்லாமலா போனீர்கள்?

உங்கள் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொல்கிறார் அம்மா. தொண்டையில் ஒன்றுமில்லையே என்றேன். "எதுவோ அடைச்சிருக்கு, அதான் வார்த்தை வரலை" என்கிறார்.

அன்புடன்,
அகராதி


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன். படகு வந்தது, உங்கள் கடிதம் வரவில்லை. அடுத்த படகும் வந்தது, அதிலும் வரவில்லை.

பரீட்சைக்கு நடுவில் எழுதுகிறேன், அதனால் சுருக்கம். மெயில் போகாத வரைக்கும் அக்கா போகமாட்டார் என்றுதானே நானும் நினைத்திருந்தேன்? மனசுக்குள் ஒரு மூலையில் நீங்கள் எழுதாததுகூடச் சௌகரியம்தான் என்று நினைத்தேன். இப்போது அது செல்லாது. ஜூன் முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று பெயிண்ட் கம்பெனி கெடு வைத்துவிட்டது. மெயில் போனாலும் போகாவிட்டாலும் அக்கா போய்விடுவார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவிட்டார். அதைப் பட்டறை வாசலில் உருட்டியும் பார்த்தார்.

"கடைசியில நான் திட்டு வாங்கினபடியேதான் போகணும்போல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போவதற்குள் ஒரே ஒரு மெயிலாவது ஒழுங்காகப் போகட்டும், மாமா. அதையாவது அவருக்குக் கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தோடும் அன்போடும்,
அகராதி


ஏப்ரல் 19

அன்பு அகராதிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றதைப் பற்றிச் சொல்ல முடியாது. நீ கோபப்பட்டது நியாயம்.

கடவுச்சொல்லை எழுத்தில் அப்படியே எழுதி வைக்கக் கூடாது என்பது விதி. கடிதம் நாலு கை மாறி வரும். அதனால் குறிப்பு மட்டும் சொல்கிறேன். அந்த நாட்களில் பட்டறையில் விளக்கோ ஒயரோ பழுதானால் ஏணியில் ஏறுவது நான்தான். நான் இறங்கும்போது கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல் வரும். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு சொல். அதுதான். ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லை.

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லை அடிக்கப்போவது அவர்தான் என்று நினைத்தேன். அதனால் ஒன்று செய். நீயே அடி. அவருக்குத் தெரியவே வேண்டாம். நிம்மதியாக ஊருக்குப் போகட்டும்.

பரீட்சையை நன்றாக எழுது. எல்லோருக்கும் என் அன்பு.

மாமா


மே 4

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம், நலம், நலம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்று படித்தேன். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. கணக்குப் பிரிவில் 'எல்லோரும்' யார் என்று புரிந்தது. பெயிண்ட் வாசனை புரிந்தது. இத்தனை புத்தகம் படித்தும் எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

முதலில் அந்த இரண்டு சொல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அக்காவிடம் கேட்க முடியாது. வெல்டர் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, மாமா ஏணியிலேர்ந்து இறங்கும்போது கணக்கக்கா என்ன சொல்வாங்க?"

அண்ணன் முகமூடியைத் தூக்கிக்கொண்டார். "உங்க மாமாவுக்கா? 'பாத்து எறங்குங்க'ம்பாங்க. நான் பதினாறடியில தலைகீழாத் தொங்கினாக்கூட 'பில்லு எங்கே'ன்னுதான் கேப்பாங்க. உங்க மாமா மூணாவது படியில நின்னாலும் 'பாத்து எறங்குங்க'தான். ஏன், இப்பத்தான் உனக்குத் தெரியுமா? ஊருக்கே தெரியுமே!"

அக்கா வங்கிக்குப் போன நேரம் பார்த்து அவர் மேசையில் உட்கார்ந்தேன். கடவுச்சொல் என்பது எழுதுவது. எழுதுவது என்றால் எழுத்துத் தமிழ்தானே? பேசுகிற மாதிரியா எழுதுவார்கள்? 'பார்த்து இறங்குங்கள்' என்று ஆங்கில எழுத்தில், ஒன்றுகூட விடாமல், 'ர்' வைத்து, 'ள்' வைத்து அடித்தேன். தவறு என்றது. ஒற்று மிகுந்திருக்குமோ என்று ஒரு எழுத்தைக் கூட்டினேன். தவறு. மரியாதையைக் குறைக்க மனமில்லாமலே 'ள்'ளை விட்டுவிட்டு அடித்தேன். தவறு. 'கவனமாக' என்று தொடங்கிக்கூட ஒன்று அடித்தேன். தவறு, இன்னும் ஒரு தடவைதான் பாக்கி, அதுவும் தவறினால் கணக்கு பூட்டப்படும் என்று சிவப்பில் வந்தது.

அப்போது பின்னாலிருந்து குரல். "என்ன பண்றே?"

நான் உங்கள் கடிதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"மாமா பாஸ்வேர்ட் அனுப்பிட்டார்க்கா. குறிப்பு மட்டும்."

"என்ன குறிப்பு?"

"சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கார்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா திரையைப் பார்த்தார். நான் அடித்துப் பார்த்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அதையும் பார்த்தார். 'பார்த்து இறங்குங்கள்.' 'பார்த்து இறங்குங்க.' அக்காவின் காதுகள் சிவந்தன. நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வழியில் நாற்காலி இருந்தது.

"மக்கு" என்றார். என்னையா உங்களையா என்று தெரியவில்லை. "யாராவது ஏணிக்குக் கீழே நின்னு 'இறங்குங்கள்'னு சொல்வாங்களா? நீ சொல்லுவியா?"

"நான் சொல்வேன்க்கா."

"நீ சொல்வே. தள்ளு."

உட்கார்ந்தார். விரலைப் பொத்தானில் வைத்தவர் நிறுத்தினார். ஆங்கில எழுத்தில் அதையே நாலைந்து விதமாக எழுதலாம்; வாய்ப்பு ஒன்றுதான். அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா, மாமா? அந்தப் பழைய கால்குலேட்டரை எடுத்தார். யாருக்கும் தராத அதை. திருப்பினார். அதன் முதுகில் ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருந்தது. ஏணிகளில் எடை அளவு ஒட்டுவோமே, அந்த இயந்திரத்தில் அடித்த லேபிள். அதில் தமிழ் எழுத்து வராதே. ஆங்கில எழுத்தில், பேசுகிறபடியே, 'பாத்து எறங்குங்க.'

"என்னைக் கேலி பண்ணி ஏணியில ஒட்டி வச்சார். நான் உரிச்சு எடுத்துட்டேன்" என்றார் அக்கா.

"எப்போ?"

"அவர் போறதுக்கு முன்னாடி வாரம்."

மூன்று வருடமாக நம் கடவுச்சொல் மேசைமேல்தான் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. கடவுச்சொல்லை ஒட்டி வைக்கவே கூடாது என்று என் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கத் திட்டியிருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை நான் மன்னித்துவிட்டேன்.

அக்கா லேபிளைப் பார்த்துப் பார்த்து அடித்தார். பக்கம் திறந்தது. இரண்டு வரிகளையும் நான் சேர்த்தேன். அது ஊரெல்லாம் பரவ ஒரு நாள் ஆகும் என்றேன். அந்த ஒரு நாள் முழுக்க அக்கா கூட்டலில் தப்பு செய்தார். அப்பா பயந்துபோய் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

இன்று காலை முதல் சோதனை. நான் தட்டச்சு செய்யப் போனபோது, "நகரு, இதை நான் அனுப்பறேன்" என்றார். தலைப்பில் 'சோதனை' என்று போட்டார். கீழே இரண்டே சொல் எழுதினார்.

"அக்கா, மெயில்ல எழுத்துத் தமிழ்தான்..."

"நீ சும்மா இரு, அகராதி."

அனுப்பினார். நான் சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தேன். உங்கள் நிலையம் வாங்கிக்கொண்டது. மறுக்கவில்லை, சந்தேகப்படவில்லை. மாமா, போய்விட்டது!

ஆனால் நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. மெயில் போன மறுநாள் கிளம்பிவிடுவேன் என்றாரே. நாளைதான் அந்த மறுநாள். அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைத் தெரியவைத்துவிட்டேன். நலமாக இருங்கள், என்னைத் திட்டிக்கொண்டாவது.

அகராதி


மே 6

அன்பு அகராதிக்கு,

முழங்காலில் ஒரு சிராய்ப்பு தவிர நான் மிகவும் நலம். இவ்வளவு நலமாக இருந்து வெகு நாளாயிற்று.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. மெயில் வந்துவிட்டது. அது வந்த நேரம் நான் உன் அப்பாவின் ஏணியில், கம்பத்தின் உச்சியில், காற்றுமானிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தலைவர் தாளோடு வெளியே வந்தார். கூடவே சமையல்காரரும் மற்றவர்களும். தலைவர் கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"உனக்கு மறுபடி ஒரு சோதனை வந்திருக்கு!"

"என்ன எழுதியிருக்கு?"

"'பாத்து எறங்குங்க'ன்னு எழுதியிருக்கு!"

"நீங்க சொல்றீங்களா, அதுல எழுதியிருக்கா?"

"நான் எதுக்குய்யா சொல்றேன்? அதுல எழுதியிருக்கு!"

கடைசிப் படியை விட்டுவிட்டேன். சிராய்ப்பு அப்படித்தான். மூன்று வருடம் கழித்துச் சொல்லியும் கேட்காமல் விழுந்தேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

உடனே பதில் மெயில் போட்டேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சமையல்காரர், "நீளமா எழுதுப்பா, நீளமா எழுது!" என்று முதுகில் குத்தினார். எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. 'இறங்கிவிட்டேன்.'

மற்றதை நேரில்தான் சொல்ல வேண்டும். சொல்வேன். விடுப்பு கேட்டேன், தலைவர் நான் கேட்டு முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டார். இந்த மாதக் கடைசிப் படகில் வருகிறேன். அதற்குள் கணக்குப் பிரிவு ரயில் ஏறிவிடுமா? தெரிந்தால் எழுது. இந்தத் தடவை மெயிலிலேயே எழுது. பலகையில் குத்தினாலும் பரவாயில்லை.

எல்லோர் நலத்தையும் கேட்டதாகச் சொல். முக்கியமாகக் கணக்கரின் நலத்தை. இனி 'எல்லோரும்' என்று சுற்றி வளைக்கப்போவதில்லை.

மாமா


மே 16, மெயிலில்
தலைப்பு: இது சோதனை இல்லை

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில், இதைப் படிக்கும் நிலையத் தலைவருக்கும் சமையல்காரருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? உங்கள் முழங்கால் ஆறியதா?

உங்கள் ஒற்றைச் சொல் மெயில் வந்த அன்று அக்கா அதை அச்சடித்துப் பலகையில் குத்தவில்லை. நம்மிடம் பலகை இல்லை. திரையில் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மட்டும் எழுத்துத் தமிழ்!" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீளமாக ஒரு மெயில் அடிக்கத் தொடங்கினார். உங்களுக்குத்தான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பெயிண்ட் கம்பெனிக்கு. மிகவும் மரியாதையாக, வர இயலாமைக்கு வருந்துகிறேன் என்று முடித்திருந்தார்.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "இதுவாவது ஒழுங்காப் போய்ச் சேருமா?"

பதிவைத் திறந்தேன். "சேர்ந்துடுச்சுக்கா."

"நல்லவேளை, மெயிலைச் சரி பண்ணினே" என்றார்.

அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். "ஏம்மா, மெயில் போனா நானும் போயிடுவேன்னு சொன்னியே?"

"மெயில் போனதாலதான் சார் போகலைன்னு சொல்ல முடிஞ்சுது."

அப்பா என்னைப் பார்த்து, "இதுல எது படின்னு இப்பவும் எனக்குப் புரியலை" என்றார். ஆனால் பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். சக்கரப் பெட்டியில் இப்போது பழைய ரசீதுகள் இருக்கின்றன. நூலகத்து அம்மாவுக்கு அப்பாவின் படம் முதல் தடவையிலேயே போய்ச் சேர்ந்தது. முதல் ஏணியில் முதலில் ஏறப்போவது நான்தான் என்று எழுதி வாங்கிவிட்டேன்.

படகிலிருந்து கரைக்கு வர ஒரு சின்ன ஏணிதான் போடுவார்கள், அது ஆடும் என்று அம்மா சொன்னார். நாங்கள் எல்லோரும் கரைக்கு வருகிறோம். மெயிலில் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். வழக்கமான அந்த இரண்டு சொல்லையாவது எழுதட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாமாம். கீழே நின்று அவரே சொல்லிக்கொள்வாராம்.

அன்புடன்,
அகராதி